வாக்கிய நோட்டில் என் கையெழுத்து

காலாண்டுப் பரீட்சையில் என் மகள் இங்கிலீஷில் இருபத்திரண்டு மார்க் வாங்கி வந்தாள். அந்த வாரத்தில்தான் அந்த நோட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவளுக்கு அப்போது பத்தாம் வகுப்பு. மற்ற பாடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கில் எழுபதுக்கு மேல் வாங்கியிருந்தாள். இங்கிலீஷ் ஒன்றுதான் காலை வாரிவிட்டது. பன்னிரண்டு முடித்து நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பத்தில் ஒரு பாடம் போனாலும் பதினொன்றில் சேர்க்கமாட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி நின்றுபோன பெண்கள் தக்காளி பறிக்கத்தான் வருவார்கள். நானும் எட்டாவதோடு நின்று அந்தக் கூடையைத் தூக்கியவள்தான். தக்காளிச் செடியின் கறை ஒரு தடவை விரலில் ஏறினால் சோப்புக்குப் போகாது. என் கட்டைவிரல் வருடத்தில் பாதி நாள் கறுத்தே இருக்கும்.

நோட்டு, அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் கொண்டுவந்த ஏற்பாடு. தர்மபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற முஸ்லிம் அம்மா அவர். பெற்றோர் கூட்டத்தில் எங்களிடம் சொன்னார்.

"பிள்ளைங்க கோடிட்ட இடத்தை நிரப்புறதை மட்டும் மனப்பாடம் பண்ணுதுங்க. கேள்வி கொஞ்சம் மாறினா கை நிக்குது. அதனால தினமும் அஞ்சு வார்த்தையும், மாதிரிக்கு ஒரு வாக்கியமும் போர்டுல எழுதிப் போடுவேன். அதை வச்சு வீட்டுல நடக்கறதையே அஞ்சு வாக்கியமா எழுதிட்டு வரணும். வீட்டுல என்ன நடக்குதோ அதை எழுதினாத்தான் மறக்காது. காலையில பெத்தவங்க ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இல்லாட்டி பஸ்ஸுலயே ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதிக்குவாங்க."

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே டீச்சர்" என்றேன்.

"தெரியலைன்னா பரவாயில்லைங்கம்மா. அவங்களை வாசிக்கச் சொல்லி, தமிழ்ல என்னன்னு கேட்டுட்டுப் போடுங்க. அதுவும் அவங்களுக்குப் படிப்புதான்."

முதல் இரண்டு வாரம் அப்படித்தான் செய்தேன். விடிந்ததும் குளித்து விளக்கேற்றுவேன். நோட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, திருநீறு தொட்டுவிட்டு மகளை வாசிக்கச் சொல்வேன். அவள் இங்கிலீஷில் ஒன்று படித்து, தமிழில் ஒன்று சொல்வாள்.

"எங்கள் மாடு தக்காளி தின்கிறது. என் அப்பா பாலக்கோட்டுக்குப் போயிருக்கிறார். நேற்று விலை இல்லாததால் தக்காளியை ரோட்டோரம் கொட்டினார்."

"இதெல்லாமா எழுதுவாங்க? அப்பா மானம் போவுது" என்பேன்.

"நடக்கறதை எழுதச் சொன்னாங்கம்மா."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவேன். சில நாள் என் கட்டைவிரல் கறை நோட்டு ஓரத்தில் பதிந்துவிடும். "மிஸ்ஸு கேக்கறாங்க, உங்க அம்மா கையெழுத்தும் போட்டு கைநாட்டும் வைக்கறாங்களான்னு" என்று அவள் ஒருநாள் கேலி செய்தாள்.

அந்த மாதத்திலேயே ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் நான் வேண்டுதல் வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. தீபாராதனை நேரம். பக்கத்தில் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என் மகளும் என் முழங்கையை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள். கண்ணை மூடினேன். மனசு நிறைந்துபோய் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஆத்தா, என் பொண்ணு இங்கிலீசுல பாசாயிட்டான்னா, வர்ற ஆடியில அவளை உன் தீயில எறக்கறேன்."

எங்கள் ஊர்த் திருவிழாவில் தீ மிதிதான் பெரிது. காப்புக் கட்டி, விரதமிருந்து, மஞ்சள் சேலையோடு நெருப்புக்குழியில் இறங்குவார்கள். கல்யாணமாகாத பெண்களும் இறங்குவதுண்டு. அவள் வயதில் என் பிறந்த ஊரில் நானும் இறங்கியிருக்கிறேன். அதனால் அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆத்தாளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது? இருப்பதில் பெரியதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கோயிலை விட்டு வரும்போது பக்கத்து வீட்டுக்காரி என் மகளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"என்னா பாப்பா, பாஸ் பண்ணிட்டுத் தீயில எறங்கறியா, இல்ல பெயிலாயித் தப்பிச்சுக்கறியா?"

எல்லாரும் சிரித்தோம். என் மகளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். அவள் முகத்தை நான் திரும்பிப் பார்த்தேனா என்று இப்போது சத்தியம் செய்து சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு பறிப்புக் காலம் வந்தது. விடியற்காலையிலேயே ஆட்கள் வயலுக்கு வந்துவிடுவார்கள். மார்க்கெட்டுக்கு லோடு போக வேண்டும். என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியை முறுக்கிக்கொண்டு நிற்பார். வாக்கியங்களைக் கேட்க எனக்கு நேரமில்லாமல் போயிற்று. பிள்ளையார் சுழி போட மட்டும் மறக்கமாட்டேன். சுழி, திருநீறு, கையெழுத்து, அவ்வளவுதான். ஒருநாள் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவள் நகராமல் நின்றாள்.

"இன்னைக்கு என்னா எழுதியிருக்கேன்னு கேக்கமாட்டியாம்மா?"

"என்னத்தை எழுதியிருக்கப் போற, மாடு கண்ணுன்னு. பஸ்ஸு வந்துருச்சு பாரு, ஓடு."

நோட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள். அதற்கப்புறம் அவள் கேட்கவேயில்லை.

அரையாண்டில் இருபத்தெட்டு மார்க் வந்தது. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். ஏழுதான் குறைவு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். தர்மபுரிக்குப் போனபோது அவளுக்கு ஒரு மஞ்சள் சேலைகூட எடுத்து வந்து பெட்டியில் வைத்தேன். "ஆடிக்குத்தானே" என்று பிரித்துக் காட்டியபோது அவள் தொட்டுப் பார்க்கவில்லை. தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து திருப்புதல் தேர்வு வந்தது. அதன் பிறகு டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார். மத்தியானம் வேலையை விட்டுவிட்டுக் கறைக் கையோடு பஸ் ஏறினேன். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. டீச்சர் என்னை உட்கார வைத்து, மேசைமேல் ஒரு விடைத்தாளையும் அந்த நோட்டையும் வைத்தார். விடைத்தாளில் ஆறு மார்க். பக்கங்கள் வெள்ளையாகக் கிடந்தன.

"எனக்குப் புரியலைங்கம்மா. நோட்டுல அவ்வளவு நல்லா எழுதறா. வகுப்புல யாரும் இவ அளவுக்குச் சொந்தமா எழுதறதில்லை. பரீட்சையில பேரை எழுதிட்டு உக்காந்திருக்கா. வீட்டுல எதாவது பிரச்சினைங்களா?"

"ஒண்ணும் இல்லைங்களே டீச்சர். நானும் அவளுக்காக ஆத்தாகிட்ட வேண்டியிருக்கேன்."

"பாருங்களேன், எப்படி எழுதியிருக்கான்னு. நான் தமிழ்ல சொல்றேன்."

பெருமையாகத்தான் நோட்டைத் திறந்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் என் பிள்ளையார் சுழி. நடுவில் அவள் எழுத்து. மேலே சிவப்பு மையில் டீச்சரின் டிக். அடியில் என் கையெழுத்து. டீச்சர் விரல் வைத்து ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். மாடு வந்தது. லோடு வந்தது. எங்கள் தெரு நாய் குட்டி போட்டது வந்தது. ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"என் அம்மா சாமியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். அடுத்த பக்கம் திருப்பினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என் அத்தை தீயில் நடந்தார். அவர் காலில் கொப்புளம் வந்தது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நீ என்ன தப்பு செய்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். என் அம்மாவும் கேட்டார்."

அது நடந்தபோது என் மகளுக்கு ஐந்து வயதிருக்கும். அத்தை என்பது என் வீட்டுக்காரரின் தங்கை. தீ மிதித்துவிட்டுக் கோயில் சுவர் ஓரமாக உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விரதம் சுத்தமாக இருந்திருக்கமாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் போய், "என்னா குத்தம் பண்ணினே, ஆத்தாகிட்ட ஒத்துக்க" என்று சொன்னவள்தான். குழந்தை என் இடுப்பில் இருந்தாளா, கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளா, அது எனக்கு நினைவில்லை. அவளுக்கு எல்லாம் நினைவிருந்திருக்கிறது.

டீச்சர் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"எனக்கு நெருப்பென்றால் பயம். அன்றைக்கு வீட்டுக்கு விலக்காகிவிட்டால் என்ன செய்வேன்? என் காலில் கொப்புளம் வந்தால் எல்லாரும் என்னையும் கேட்பார்கள். நான் இங்கிலீஷில் தேறினால் தீயில் நடக்க வேண்டும். தேறாவிட்டால் நடக்க வேண்டாம்."

கடைசி இரண்டு வாக்கியங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு டிக் இருந்தன. 'வெரி குட்' என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி நானே வாசித்துவிட்டேன். அதன் கீழே என் கையெழுத்து. ஓரத்தில் என் கட்டைவிரல் கறை.

டீச்சர் நோட்டை மூடினார். வெளியே பிள்ளைகள் விளையாட்டுப் பீரியடுக்குக் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"அறுபது நோட்டுங்கம்மா" என்றார். "வாக்கியம் சரியா இருக்கான்னு பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. டிக் போட்டுட்டேன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க சாமி விசயத்துல நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. நான் வேற வழியில கும்புடறவ. ஆனா பொதுத்தேர்வுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. அவளுக்கு எழுதத் தெரியும். எழுதமாட்டேன்னு உக்காந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், துக்கம் வரவில்லை. ஆத்தாளைப் பார்த்துப் பயமா? ஊரில் எத்தனை பேர் இறங்குகிறார்கள். என் வயிற்றில் பிறந்தவளுக்கு நம்பிக்கை இல்லையா? இப்படித்தான் மனசு ஓடியது. அவள் பள்ளி விட்டு வந்து பையைக்கூட இறக்கவில்லை. பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, வேணும்னே எழுதாம வந்தியா?"

பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயமா இருந்தா எங்கிட்டச் சொல்றதுக்கென்னா? வாய் இல்லையா உனக்கு?"

"சொன்னா நீ ஆத்தா கோவிச்சுக்குவான்னுதானே சொல்லுவே."

"அதுக்கு இங்கிலீசுல எழுதி வைப்பியா?"

அவள் அழவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள்.

"எழுதினா யாராச்சும் படிப்பாங்கன்னு நெனச்சேன்மா. மிஸ்ஸு டிக் போட்டாங்க. நீ கையெழுத்துப் போட்டே. ரெண்டு பேரும் சரின்னு சொல்லிட்டீங்கன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் என் கோபம் நின்றது. அடுப்பங்கரைக்குப் போய்ச் சும்மா நின்றேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நேந்தது நேந்ததுதான். வூட்டுல நாளைக்கு ஒண்ணுன்னா நீயா பதில் சொல்லுவே? ஊரே கேட்டுக்கிட்டு நின்னுச்சு."

"பயப்படற புள்ளையை எப்படிங்க தள்றது?"

"நான் தள்ளச் சொல்லலை. கோயில்ல பூக் கட்டிக் கேளு. ஆத்தா வேண்டாம்னா வேண்டாம். அதுக்கு மேல நான் பேசமாட்டேன்."

எங்கள் பக்கம் இது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, ஒன்றுபோலக் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். நாம் மனசில் கேட்பதைக் கேட்டுவிட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை ஒரு பொட்டலம் எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் பதில்.

வெள்ளிக்கிழமை காலை போனேன். பூசாரியும் நானும் மட்டும்தான். வெள்ளை வந்தால் என் பெண் இறங்க வேண்டாம், சிவப்பு வந்தால் இறங்கியே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தாயோடு கும்பிட வந்த சின்னப் பெண் ஒருத்தியைப் பூசாரி கூப்பிட்டார். அவள் விளையாட்டுப்போல ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஓடினாள். கட்டைப் பிரித்தேன்.

சிவப்பு அரளி.

"இன்னொரு வாட்டிப் பாக்கலாங்களா?" என்றேன்.

"என்னா தாயி, ஆத்தாகிட்டத் திருப்பித் திருப்பிக் கேக்கலாமா? சொல்லிட்டா, முடிஞ்சுச்சு." பூசாரி வயதானவர். ஆனால் கடுமையாகச் சொல்லவில்லை.

பூவைக் கையில் வைத்துக்கொண்டு அம்மன் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடமாக நான் பார்க்கிற முகம். எனக்குப் பிள்ளை இல்லாமல் நான்கு வருடம் இருந்தபோது பார்த்த முகம். இந்தப் பெண்ணைக் கொடுத்ததே அவள்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். 'நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு ஆத்தா. ஆனா எம் பொண்ணு எழுதினதும் எனக்குக் கேட்டுருச்சு. ரெண்டுல ஒண்ணைத்தான் என்னால செய்ய முடியும். கோவிச்சுக்கறதுன்னா எம்மேல கோவிச்சுக்க' என்று மனசுக்குள் சொன்னேன். சொல்லிவிட்டு, பூவை முந்தானையில் முடிந்துகொள்ளாமல், பிரகாரத்துச் செடி அடியில் போட்டேன்.

"இதை யார்கிட்டயும் சொல்லிராதீங்க சாமி" என்று பூசாரியிடம் கேட்டேன்.

அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் என்னாத்துக்குச் சொல்றேன். நீயாச்சு, ஆத்தாளாச்சு."

வீட்டுக்கு வந்து, வெள்ளை வந்தது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பறம் என்னா, விடு" என்றார். அவருக்கும் மனசில் பயம் இருந்திருக்கிறது. தோள் இறங்கியதைப் பார்த்தேன். மகள்தான் நம்பவில்லை. கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"நெசமாவே வெள்ளையா?"

"வெள்ளைதான்."

"ஆத்தா மேல சத்தியமா?" ஈரக் கையை நீட்டினாள்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் அதில்தான் இருந்தது. நான் தயங்கினால் அவள் பரீட்சைக்கு வெள்ளைத் தாள்தான் கொடுப்பாள். அவள் உள்ளங்கையில் அடித்து, "ஆத்தா மேல சத்தியம்" என்றேன்.

சத்தியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். செவ்வாய், வெள்ளி கவுச்சி தொடாதவள் நான். பால் காய்ச்சினாலும் ஒரு சொட்டுச் சாமிக்கு என்று எடுத்து வைக்கிறவள். அந்த வாயால் அந்தப் பெயரைச் சொல்லிப் பொய்ச் சத்தியம் செய்தேன். இதை இன்று வரை யாரிடமும் வாயால் சொல்ல வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

அன்றைக்கு அவள் புத்தகத்தை எடுத்தவள்தான். டீச்சர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அவளை உட்கார வைத்து எழுத வைத்தார். நோட்டில் என்ன இருந்தாலும் அதற்கப்புறம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் வாசலில் ஹாரன் அடித்தால், "இருங்க, பாப்பா வாசிக்கறா" என்று சத்தம் போடுவேன். என்ன பெரிய விசயம் அதில் இருந்துவிடப் போகிறது! "நான் காலையில் ஐந்து மணிக்கு எழுந்தேன். என் அம்மா தோசை சுட்டார். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார்." இதைத்தான் நான் பறிப்பு வேலைக்காக விட்டிருந்தேன்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. இங்கிலீஷில் ஐம்பத்தெட்டு. பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்தே கத்தினாள். "என்னா பாப்பா, பாஸும் பண்ணிட்டே, தீயிலயும் தப்பிச்சுட்டே! கெட்டிக்காரிதான்!" எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் உள்ளே போய், அந்த மஞ்சள் சேலையை எடுத்து மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்தேன்.

ஆடியில் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நான் இறங்கினேன். பெண் தேறியதற்கு நன்றி என்று ஊர் நினைத்துக்கொண்டது. வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். பதினைந்து நாள் விரதம் இருந்தேன். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஒரே எண்ணம்தான். குழி ஓரத்தில் நின்றபோது வெக்கை முகத்தில் அடித்தது. ஆத்தா விடமாட்டாள், காலை எடுத்துக்கொள்வாள், எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் அடி வைத்தேன். சனங்கள் குரல் எழுப்பினார்கள். மேளம் காதை அடைத்தது. நடந்து முடித்து எதிர்க்கரையில் பால் ஊற்றியிருந்த மண்ணில் நின்றேன். காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வயலில் வெடித்த பழைய வெடிப்புகளைத் தவிர ஒரு சிவப்புக்கூட இல்லை.

திருவிழாவுக்கு வந்திருந்த என் நாத்தனார், அன்றைக்குக் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தாளே, அவள்தான், ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். குனிந்து என் பாதத்தைத் தடவிப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே ஆவலையே அண்ணி. மனசு சுத்தமா இருந்தா அப்பிடித்தான்."

குத்திக் காட்டிச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நம்பித்தான் சொன்னாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்கு நான் உன்னை அப்படிக் கேட்டிருக்கக்கூடாது" என்றேன். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னாங்க அண்ணி?" என்றாள். "தண்ணி குடு" என்று வாங்கிக் குடித்தேன்.

கொப்புளம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தண்டனை முடிந்தது என்று காலை நீட்டிப் படுத்திருப்பேன். இப்போது எதுவும் தெரியவில்லை. ஆத்தா மன்னித்துவிட்டாளா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாளா? வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதலில் அந்தச் சிவப்பு அரளிதான் ஞாபகத்துக்கு வருகிறது. விளக்கேற்றும்போது அவள் முகத்தை முன்போல நேராகப் பார்க்க முடியவில்லை. காலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன். ஆனால் மறுபடி அந்த ஈரக் கை என் முன்னால் நீண்டால் என்ன செய்வேன் என்று கேட்டால், அதே பொய்யைத்தான் சொல்வேன். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. வாக்கிய நோட்டை யாரும் கேட்பதில்லை. புது டீச்சருக்கு அந்த வழக்கம் இல்லை. அவளாகத்தான் ஒரு நோட்டு வாங்கி, புத்தகத்தில் வருகிற புது வார்த்தைகளை வைத்துத் தினமும் ஐந்து எழுதுகிறாள். விளக்கேற்றி முடித்ததும் பழையபடி என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறாள். நான் பிள்ளையார் சுழி போடுகிறேன். அவள் வாசித்து அர்த்தம் சொல்கிறாள். எழுதியிருப்பதைத்தான் சொல்கிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? நம்பித்தான் போடுகிறேன்.

போன வாரம் ஒருநாள் நான்கு வாக்கியம் சொன்னாள். மழை, பஸ், ஆய்வகம், சிநேகிதியின் கம்மல். ஐந்தாவதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல், பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"என் அம்மா நேர்மையானவர்."

"அதென்னாத்துக்கு அதை எழுதினே?"

"அந்த வார்த்தை வந்துச்சும்மா, பாடத்துல."

பேனாவை என்னிடம் கொடுத்தாள். பூசாரி யாரிடமாவது சொல்லியிருப்பாரோ, அவளுக்குத் தெரிந்திருக்குமோ, தெரிந்துதான் எழுதியிருக்கிறாளோ என்று ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பஸ்ஸு வந்துரும்மா" என்றாள்.

அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.